கோழி அடையும் நேரம்

ஜெயசுதாவின் கோழிகளுக்கு வீடு ஒரு செத்துப்போன பிரிட்ஜ். பஜாரில் கடையைக் காலி செய்துகொண்டு போனவர்கள் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனதை அவள் புருஷன் தனசேகரன் தன் மினி லாரியில் ஏற்றி வந்து, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்து வேப்பமரத்தடியில் படுக்கப்போட்டான். கதவைக் கழற்றிக் கம்பிவலை அடித்தார்கள். தட்டுகள் இருந்த இடத்தில் மூங்கில் கழிகளைச் செருகினார்கள். "ஊர்ல எல்லாரும் செத்த கோழிய பிரிட்ஜில வெக்கறாங்க, நான் உசுரோட வெக்கறேன்" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திவைத்துச் சொல்லுவாள் ஜெயசுதா. அவளுக்கு அப்படி ஒரு வாய்.

அந்த வாய் இந்தக் கோடையில் அடங்கிப்போயிருந்தது. தை மாதத்தில், திண்டிவனம் ரோட்டில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு போன மினி லாரி கவிழ்ந்து தனசேகரனின் வலதுகால் முறிந்தது. கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். சித்திரையில் மறுபடி படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்பு கூடிடுச்சி. இனிமே ஊணி நடக்கணும். நடக்காம கெடந்தாத்தான் காலு போவும்" என்றார். எலும்பு கூடிவிட்டது, அவனுக்குத்தான் தைரியம் கூடவில்லை. பாதம் தரையில் பட்டதுமே லாரி சாய்கிற மாதிரி இருக்கும் அவனுக்கு. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான்.

பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோய், ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயசுதா மலையடிவாரத்துப் பாறை முனீஸ்வரன் எதிரில் போய் நின்றாள். "எங்க வூட்டுக்காரரு கட்டில வுட்டு எறங்கி தங்கால்ல நடந்தா, எங்கூட்டுக் கீரிச் சேவல உனக்குக் குடுத்துடறேன்" என்று நேர்ந்துகொண்டு வந்தாள். கீரிப்பிள்ளை நிறத்தில் இறகு இருந்ததால் அந்தச் சேவலுக்குக் கீரி என்று பேர். நேர்ந்தது நேர்ந்ததுதான். அதற்குப் பதில் வேறு சேவலைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. அன்றிலிருந்து அந்தச் சேவலைக் காப்பாற்றுவதும் புருஷன் காலைக் காப்பாற்றுவதும் அவளுக்கு ஒன்றாகிப்போனது.

காப்பாற்ற வேண்டியிருந்தது பக்கத்து வீட்டு நாய்களிடமிருந்து.

பக்கத்து வீடு ஜினதாஸ் நயினாருடையது. செஞ்சிப் பக்கமே பூர்வீகமான சைனக் குடும்பம். அவருக்கு பஜாரில் தானியக் கடை. அவர் மனைவி அனந்தியம்மாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற வீடு அது. ஆனால் செஞ்சியில் பொழுது எப்போது சாய்கிறது என்பதில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒத்துப்போகாது. ஊருக்கு மேற்கே கோட்டை மலைகள் நிற்பதால், சூரியன் சீக்கிரமே ராஜாக்கோட்டைக்குப் பின்னால் போய்விடும். மலைக்குப் பின்னால் போனாலே போனதுதான் என்பது அனந்தியம்மாள் கட்சி. காலண்டரில் போட்டிருக்கிற நேரம்தான் கணக்கு என்பது நயினார் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு தீரவில்லை.

மலைநிழல் தெருவில் இறங்குகிற அந்த நேரம் ஒரு மாதிரியானது. வானத்தில் வெளிச்சம் அப்படியே இருக்கும், தெரு மட்டும் மங்கிக் கிடக்கும். பகலெல்லாம் காய்ந்த பாறைகளிலிருந்து சூடு காற்றோடு வந்து முகத்தில் படும். எங்கோ யாரோ பேசுவது பக்கத்தில் கேட்கும், பக்கத்தில் பேசுவது எங்கோ கேட்கும். அந்த நேரத்தில் ஜெயசுதாவுக்கு எதைப் பார்த்தாலும் பாதித் தூக்கத்தில் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். கோழிகளும் ராத்திரி வந்துவிட்டதென்று ஏமாந்து, குப்பைமேட்டிலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் ஒவ்வொன்றாக அடைய வரும். அதே நேரத்தில்தான் அனந்தியம்மாள் சாப்பாட்டை முடித்து, மீந்த சோற்றை வாசற்படிக்கு வெளியே இலையில் வைப்பாள். நாய்கள் வரும். கோழிக்கும் நாய்க்கும் வழி ஒன்றுதான்.

நாய்கள் இரண்டு. செம்பட்டை நிறத்தில் ஒன்று, அதை அனந்தியம்மாள் தம்பி என்று கூப்பிடுவாள். இன்னொன்று கறுப்பு. கறுப்புக்குச் சொந்தப் புத்தி கிடையாது. தம்பி எங்கே போனால் அங்கே போகும், தம்பி என்ன செய்தால் அதைச் செய்யும்.

"யம்மா, உங்க நாயி இன்னிக்கு வெள்ளப் பெட்டைய கொன்னுட்டுது. எறகு மட்டுந்தான் கெடக்குது, வந்து பாருங்க" என்று ஒருநாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டாள் ஜெயசுதா.

அனந்தியம்மாள் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்து, இறகைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க நாயி இல்லியே சுதா. எங்க வாசல்ல சாப்புட்ற நாயி."

"சோறு போட்றது நீங்க, பேரு வெச்சது நீங்க. அப்புறம் இன்னாம்மா, ரேஷன் கார்டுல சேத்தாத்தான் உங்க நாயா?"

"நான் இன்னா சுதா செய்யட்டும்?"

"கட்டிப் போடுங்க. நாளெல்லாம் வேணாம். சாயங்காலம், கோழிங்க அடையிற வரைக்கும்."

"கட்டறதா?" அனந்தியம்மாள் குரல் இறங்கிவிட்டது. "சின்ன வயசுல மேல்சித்தாமூர் மடத்துல சொல்லிக் குடுத்தது சுதா. ஒரு உயிர கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, அறுக்கக்கூடாது, தாங்காத பாரம் ஏத்தக்கூடாது, சோறு தண்ணி இல்லேன்னு சொல்லக்கூடாது. அந்த அஞ்சுல மொத பாவமே கட்டறதுதான்."

"அப்ப கடிக்கிறது?"

"அது தெரியாம செய்யுது. தெரிஞ்சி செய்யறது நாமதான."

"சரி, எம் பாவத்துல நானே வந்து கட்றேன். கயிறு எங்கூட்லயே இருக்குது."

"நீ கட்டறத நான் பாத்துக்கினு நின்னா, நானே கட்டினமாதிரிதான்."

மறுநாள் காலையில் அனந்தியம்மாள் சாப்பிடவில்லை. ஒவ்வொரு கோழி சாகும்போதும் அவள் ஒருவேளைச் சோற்றை விட்டுவிடுவாள். "கோழி போனது எனக்கு, பட்டினி கெடக்கறது இவங்க. இதுல இன்னா நாயம்?" என்று கட்டிலில் கிடந்தவனிடம் பொருமினாள் ஜெயசுதா. கோபத்தை அதற்கு மேல் இழுத்துப் பிடிக்கவும் முடியவில்லை. தனசேகரன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் பொழுதோடு அடுப்பு மூட்டி அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பியது அந்த அனந்தியம்மாள்தான்.

ஜினதாஸ் நயினார் தன் பங்குக்கு ஒரு யோசனை கண்டுபிடித்தார். "வயிறு நெறஞ்சவன் எதுக்கும்மா அடுத்தவன் சொத்துக்கு ஆசப்படப் போறான்? நல்லா சாப்பாடு போட்டா கோழிப் பக்கமே திரும்பாது" என்று சோற்றில் பருப்பும் நெய்யும் சேர்க்கச் சொன்னார். நெய் வாசனை அடுத்த தெருவரைக்கும் போனது. பந்தியில் நாலைந்து புதுமுகங்கள் சேர்ந்தன, நாலே நாளில் தம்பி அவற்றைத் துரத்திவிட்டது. தம்பிக்கு உடம்பு பளபளவென்று ஆனது. முன்னே திணறித் தாண்டிய வேலியை இப்போது ஓடிவந்த வேகத்திலேயே தாண்டியது.

ஜெயசுதா சும்மா இருக்கவில்லை. வேலிகாத்தான் முள்ளை வெட்டிவந்து அடைத்தாள். வழியில் மிளகாய்த்தூள் தூவினாள். தம்பி நாலு தும்மல் போட்டுவிட்டு உள்ளே வந்தது. தனசேகரனின் காக்கிச் சட்டையைக் கழியில் மாட்டி நிறுத்தினாள். தம்பி அதன் காலடியிலேயே சுருண்டு படுத்துத் தூங்கியது. கடைசியில் நிஜ தனசேகரனையே கட்டிலோடு தோட்டத்துக்கு இழுத்துவந்து வேப்பமரத்தடியில் போட்டு, கைக்கெட்டும் இடத்தில் கற்களைக் குவித்து வைத்தாள்.

"கோட்டைக்கு பீரங்கி வெச்சாச்சி" என்றாள்.

பீரங்கி பாதி நேரம் தூங்கியது. கத்திரி வெயிலில் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். கோழிகள் மண்ணைப் பறித்துக்கொண்டு அதில் அழுந்திப் படுத்து, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அவன் மார்பின் மேல் பூ விழுந்து கிடக்கும்.

"தூங்கிட்டியா?"

"இல்லியே, கண்ணத் தொறந்துக்கினுதான் இருந்தேன். ஆனா மல இருக்குது பாரு, அது மெதுவா நம்ம வூட்டுப் பக்கமா நவுந்து வந்துச்சி. பாறைங்கல்லாம் மூட்டையா இருக்குது. நாந்தான் ஓட்டியாறேன்."

"மலைய ஓட்டினியா?"

"மலையத்தான். சரக்கெல்லாம் ஏத்திக்கினு. கவுழவேயில்ல சுதா."

"கனவுல ஓட்னா எதுதான் கவுழும்?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, தையல் போட்ட இடத்தை விட்டுவிட்டு, முழங்காலுக்கு மேலே அமுக்கிவிட்டாள்.

வைகாசி பிறந்ததும் வல்லம் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்தார்கள். காய் ஆயப் போனாள் ஜெயசுதா. புளியமரத்து நிழலில் பெண்கள் செடியைக் குவித்துவைத்துச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கை தானாக ஆயும். காய் கூடையில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு நின்று, கண் சொருகும். அன்றைக்கு அப்படிச் சொருகியபோது கோழி கேருகிற சத்தம் கேட்டது. திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். கோழி ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்கு மேல் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தோட்டத்தில் தனசேகரன் நின்றுகொண்டிருந்தான்.

கட்டில் ஒரு பக்கம் கிடந்தது. அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், கையில் ஒரு கழியோடு, மலைநிழலுக்குள் நின்றான். சுற்றிலும் இறகுகள். கனவு இன்னும் கலையவில்லையோ என்று ஜெயசுதா தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

"அசையாத" என்றான் அவன். "அசஞ்சா நான் வுழுந்துடுவேன்."

"நான் அசஞ்சா நீ எதுக்குய்யா வுழுவ?"

"தெரியல. பயமா இருக்குது."

"எப்டி எறங்கின?"

"தம்பி வேலியத் தாண்டி நேரா கீரி மேல பாஞ்சிட்டான். கல்லெல்லாம் வீசிட்டேன், ஒண்ணும் படல. வாலு அவன் வாயில மாட்டிக்கிச்சி. சேவலு கத்தின கத்து... நம்ம சேவலு பூடுச்சின்னா நீ இன்னா ஆவேன்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா கழி கையில இருக்குது, நான் பாதி தூரத்துல இருக்கறேன். நடந்துக்கினு இருக்கறேன்னு தெரிஞ்சதும் நின்னுட்டேன் சுதா. அப்பலேருந்து இப்டியேதான் நிக்கறேன்."

ஜெயசுதா ஓடிப்போய் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மாதக்கணக்கில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் கட்டில்வரை நடந்தான், திரும்பிச் சுவர்வரை நடந்தான். நடக்க நடக்க அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சேவலு?" என்று அப்புறம்தான் கேட்டாள்.

"வாலப் பிச்சிக் குடுத்துட்டு சுவரேறி அந்தாண்ட பூட்டுது."

நயினார் வீட்டு முற்றத்துத் தூணோரம் சேவல் வாலில்லாமல் உட்கார்ந்திருந்தது. எதிரில் அனந்தியம்மாள் கம்பைத் தூவிக்கொண்டிருந்தாள். "ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன் சுதா, அப்டியே வந்து எம்மடியில வுழுந்துச்சி. நெஞ்சு படபடன்னு அடிக்குது அதுக்கு. கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டும். தம்பி இந்தப் படிய மட்டும் தாண்ட மாட்டான்."

ஜெயசுதாவுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அமாவாசைக்குத்தான் முனீஸ்வரனுக்குப் படைக்க முடியும். அதுவரை சேவலைப் பத்திரமாக வைக்க, கத்தியே இல்லாத வீட்டைவிட வேறு வீடு ஏது? "இருக்கட்டும்மா, அமாவாசை அன்னிக்கு வந்து எடுத்துக்கறேன்" என்றாள். எதற்கென்று சொல்லவில்லை. அனந்தியம்மாளும் கேட்கவில்லை. ஒரு சைன வீட்டில் ஒரு உயிரைக் கொண்டுபோய் விட்டால், அவர்கள் அதைத் திருப்பி அறுக்கக் கொடுப்பார்களா என்று ஜெயசுதா யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். புருஷன் நடந்த சந்தோஷத்தில் அது அவள் புத்தியில் ஏறவில்லை.

அமாவாசை அன்று காலையில் போனபோது, அனந்தியம்மாள் துணியில் வடிகட்டின தண்ணீரைச் சொம்பில் வைத்துக்கொண்டு சேவலின் மேல் கையால் தெளித்துக்கொண்டிருந்தாள். சேவல் கண்ணை மூடி, இறக்கையை லேசாக விரித்து, அசையாமல் நின்றது.

"இந்த வெயிலு அதுக்குத் தாங்கல சுதா. மொத நாளு சிலுப்பிக்கினு ஓடிச்சி. இப்ப மூணுவேளையும் தெளிக்கலன்னா பின்னாலயே வருது."

ஜெயசுதா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"நாயி கடிக்குதுன்னு எங்கிட்ட சண்ட போட்டியே சுதா."

"அது வேற, இது வேறம்மா. இது சாமிக்கு."

"சேவலுக்கு?"

ஜெயசுதா நனைந்து நின்ற சேவலைப் பார்த்தாள்.

"அதுக்கு நாயும் ஒண்ணு, கத்தியும் ஒண்ணுதான?"

"எங்க வூட்டுக்காரரு காலும்மா அது! நான் வாக்கு குடுத்துட்டேன். அவரு நடந்துட்டாரு. குடுத்த வாக்க தப்பினா, குடுத்த கால அவன் திருப்பி வாங்கிக்குவான். உங்களுக்கு உங்க அஞ்சு பாவம் எப்டியோ, எனக்கு இது அப்டி."

அனந்தியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "நான் தடுக்கல. எங்க வாசல்ல சாப்புட்ட நாயாலதான உனக்கு இவ்ளோ கஷ்டம். தடுக்க எனக்கு வாயி ஏது? ஆனா எங்கையால எடுத்துக் குடுக்க மாட்டேன். நீயே கூப்புடு. வந்தா எடுத்துக்கினு போ." முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பா... பா... பா..." என்று கூப்பிட்டாள் ஜெயசுதா. தினமும் நொய் போடும்போது கூப்பிடுகிற குரல். வராமல் இருந்துவிட்டால் தேவலை என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. சேவல் கழுத்தை நீட்டி, ஒரே ஓட்டமாக ஓடிவந்து அவள் காலடியில் நின்றது. குனிந்து அதை எடுத்துக்கொண்டு, உள்பக்கம் பார்க்காமல் படியிறங்கினாள்.

பாறை முனீஸ்வரனுக்குப் பூசாரி கன்னியப்பன். மற்ற நாளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் ஒட்டுகிறவர். மதியத்துக்கு மேல் கடையைச் சாத்திவிட்டு, நகக்கண்ணில் கறுப்பு மசியோடு வந்து பொங்கலைப் படைத்து, கற்பூரம் காட்டினார். தனசேகரன் ஊன்றுகோலோடு தன் காலில் நின்று கும்பிட்டான். சேவலுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைச் சொம்பில் கரைத்து எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் பட்டதும் சேவல் உடம்பை உதறிக்கொள்ள வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதென்று அர்த்தம். உதறாமல் அறுக்கக்கூடாது.

கன்னியப்பன் தெளித்தார். சேவல் கண்ணை மூடிக்கொண்டது.

"இன்னொருக்கா தெளிங்க" என்றான் தனசேகரன்.

தெளித்தார். சேவல் இறக்கையை லேசாக விரித்துக்கொடுத்தது.

"இன்னாடா இது, தலைக்குக் குளிக்கறமாதிரி நிக்குது!" கன்னியப்பன் சொம்போடு கவிழ்த்தார். தண்ணீர் சேவலின் முதுகில் வழிந்து பாறையில் ஓடியது. அது அசையாமல், சுகமாக, நனைந்துகொண்டு நின்றது. மேலே மலையில் பாறைகள் வெயிலில் மிதந்தன. காற்று நின்றுபோயிருந்தது. எல்லோரும் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயசுதாவுக்கு மட்டும் தெரியும். தண்ணீருக்குப் பழகிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காதில் ஊதுவார்கள், தவிட்டைத் தூவுவார்கள், ஏதாவது செய்து உதறவைத்துவிடுவார்கள். வாக்கு நிறைவேறும், கால் கால் இடத்தில் இருக்கும். அவள் வாயைத் திறந்தாள். காலையில் கூப்பிட்டதும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்த ஓட்டம் கண்ணில் நின்றது. தனசேகரனின் வலதுகாலைப் பார்த்தாள். லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது அது. வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க நைனா பூச பண்ண காலத்துலருந்து இப்டி ஒண்ண பாத்ததில்ல" என்றார் கன்னியப்பன். "அவனுக்கு வேணாம் போலருக்குது. இங்கயே வுட்டுட்டுப் போங்க."

"இங்க வுட்டா நாயி தூக்கிக்கினு பூடும்" என்றான் தனசேகரன்.

"அப்ப வூட்டுக்கே கொண்டும்போங்க. அடுத்த வருஷம் ஆடியில வந்து கேப்பம்."

திரும்பும்போது தனசேகரன் கோட்டைச் சுவரோரமாகவே நடந்து வருகிறேன் என்றான். நடந்துவிட்டு உட்காருவான், உட்கார்ந்துவிட்டு நடப்பான். அவனுக்கு ஒரே உற்சாகம். "முனியே வேணாம்னுட்டாருன்னா காலு சும்மா குடுத்ததுன்னுதான அர்த்தம்?" என்று சிரித்தான். ஜெயசுதாவால் சிரிக்க முடியவில்லை. ஈரச் சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவன் வைக்கிற ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கல்லில் அவன் கால் சறுக்கியபோது அவள் உயிர் போய் வந்தது.

தெருவுக்கு வந்தபோது மலைநிழல் இறங்கிவிட்டது. புருஷனை வீட்டில் விட்டுவிட்டு, ஜெயசுதா நயினார் வீட்டு வாசலுக்குப் போனாள். அனந்தியம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கீழே இலையில் தம்பியும் கறுப்பும் சோறு தின்றுகொண்டிருந்தன. சேவலைக் கண்டதும் அனந்தியம்மாள் எழுந்திருக்கப் போய், முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

ஜெயசுதா சேவலை அவள் மடியில் வைத்தாள்.

"சாமி வேணாம்னுட்டுதா சுதா?"

"அவுங்க அப்டித்தான் நெனச்சிக்கினு இருக்கறாங்க. சாமி ஒண்ணும் சொல்லலம்மா. நீங்க தண்ணி தெளிச்சித் தெளிச்சி, தண்ணி பட்டா அதுக்கு ஒண்ணுமே தெரியல. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அறுத்திருப்பாங்க. நான் சொல்லல." அவளும் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எஞ்சாமி எதிர்ல நின்னு அவன ஏமாத்திட்டு வந்திருக்கறேன். நாளைக்கு அந்தக் காலு மடங்கிச்சின்னா அது என்னாலதான். அதுக்குப் பயந்துக்கினேதான் இனிமே இருக்கணும் நான். உங்க மொகத்துக்காகத்தாம்மா செஞ்சேன். எம் மொகத்துக்காக நீங்க ஒண்ணு செய்ய மாட்டீங்களா?"

அனந்தியம்மாளுக்கு என்னவென்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அனந்தி, காலண்டர்படி இன்னும் நேரம் இருக்குது. ஒரு வாயாச்சும் சாப்புட வா" என்று உள்ளேயிருந்து ஜினதாஸ் நயினார் கூப்பிட்டார். அவள் சேவலை முற்றத்தில் விட்டாள். கிணற்றடிக்குப் போய், துணி உலர்த்துகிற கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

தம்பி இலையை நக்கிக்கொண்டிருந்தது. அனந்தியம்மாள் பக்கத்தில் குந்தி, கழுத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டாள். முடிச்சு விழவில்லை. போடப் போட நழுவியது. உதவிக்கு ஜெயசுதா கையை நீட்டினாள். "வேணாம், நானே" என்று அவள் கையைத் தள்ளிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டாள். மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். தம்பி அவள் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. இது ஏதோ புது விளையாட்டென்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. ஓடப் பார்த்தது, கயிறு இழுத்தது, திரும்பி வந்து அவள் கையை நக்கியது. தலைவன் நகராததால் கறுப்பும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. அனந்தியம்மாள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"போ சுதா. எல்லாம் அடைஞ்சதும் ஒரு கொரல் குடு, அவுத்துடறேன். அதுவரைக்கும் நான் இவங்கிட்டயே உக்காந்துக்கறேன்."

ஜெயசுதா தோட்டத்துக்கு வந்து நொய்யை இறைத்தாள். கோழிகள் ஒவ்வொன்றாக, எந்தப் பயமும் இல்லாமல், பிரிட்ஜுக்குள் ஏறின. இப்படி ஒரு சாயங்காலத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி ஊளையிட ஆரம்பித்தது. கட்டிப்போட்ட நாய்க்கு அதுதான் முதல் நாள். குழந்தை அழுகிற மாதிரி இழுத்து இழுத்து அழுதது. நடுநடுவே அனந்தியம்மாளின் குரல் கேட்டது. "இதோ ஆச்சி... இதோ ஆச்சிடா சாமி."

குஞ்சுக்கோழி மட்டும் இன்னும் வரவில்லை. குப்பைமேட்டில் தன் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. ஜெயசுதா கூப்பிட்டுப் பார்த்தாள். அது காதிலேயே வாங்கவில்லை. அந்தப் பக்கம் ஊளை ஏறியது. "இதோ ஆச்சி" என்கிற குரல் விம்மலில் அடைத்துக்கொண்டது.

ஜெயசுதாவால் தாங்க முடியவில்லை.

"அடைஞ்சிட்டுதும்மா!" என்று கத்தினாள். "எல்லாம் அடைஞ்சிட்டுது, அவுத்துடுங்க!"

பிறகு கட்டிலில் சாத்தியிருந்த புருஷனின் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய், குப்பைமேட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். கோழி அவசரமில்லாமல் கிளறிக்கொண்டிருந்தது.